தாத்தாவோட பட்டாளத்துக் கடுதாசியும் ஒரு காக்கி நூலும்

போன வருஷம் சிங்கப்பூர்ல தோ பாயோ வீட்டைக் காலி பண்றப்ப அப்பாவோட அலமாரி மேல ஒரு பழைய பிஸ்கட் டின் கிடைச்சது. மூடி துருப்பிடிச்சு ஒட்டிக்கிடந்துச்சு, ஸ்க்ரூடிரைவர் வெச்சு சுத்திச் சுத்தி நெம்பித்தான் திறந்தேன். திறந்ததும் அந்துருண்டை வாசனை குப்புன்னு அடிச்சது. உள்ள ஷூ லேஸ்ல கட்டின ஒரு கட்டு கடுதாசி, ஜப்பான்காரன் காலத்துல அச்சடிச்ச, வாழைமரப் படம் போட்ட பண நோட்டு ஒண்ணு, அடியில நெறைய தூசி, செத்துப்போன ராமபாணப் பூச்சி. கடுதாசி மொத்தம் 22. எல்லாம் தாத்தா பட்டாளத்துல இருந்து அப்பாயிக்கு எழுதினது. இப்படி ஒண்ணு வீட்டுல இருக்குன்னு எனக்குத் தெரியவே தெரியாது, அப்பா ஒரு வார்த்தை சொன்னதில்ல.

தாத்தா பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். 1941ல பட்டாளத்துல சேர்ந்து ராயல் இண்டியன் ஆர்மி சர்வீஸ் கோர்ல லாரி டிரைவர் ஆனாரு. துப்பாக்கி சுட்ட வீரக் கதை எதையும் எதிர்பார்க்காதீங்க, அரிசி மூட்டை, பெட்ரோல் டின், சில சமயம் அடிபட்டவங்க, இதை ஏத்தி இறக்கினது தான் அவரு யுத்தம். அந்த யுத்தத்துல இந்திய ராணுவம் 25 லட்சம் பேர், எல்லாருமே தானா பேர் குடுத்துச் சேர்ந்தவங்க, உலகத்துலயே கட்டாயம் இல்லாம சேர்ந்த ஆகப்பெரிய படை அதுதான்னு சொல்லுவாங்க. அதுல ஒருத்தரு எங்க தாத்தா. அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இத மனசுல வெச்சுக்கங்க, கடைசி வரைக்கும் இது வரும்.

நான் பழைய தாளைப் பாதுகாக்கிற கன்சர்வேட்டர் எல்லாம் இல்ல, கப்பல் பட்டறையில மெயின்டனன்ஸ் வேலை பாக்குறவன். யூட்யூப் பாத்தும் புஸ்தகம் படிச்சும் ஏழெட்டு மாசம் சனி ஞாயிறுல உக்காந்து செஞ்சதை எழுதுறேன், கெடுத்ததையும் சேர்த்து. நம்ம வீடுகள்ல இப்படி எத்தனை டின் கிடக்குதோ, யாருக்காவது உதவும்.

முதல் விஷயம், ஆசையில கட்டைப் பிரிச்சுராதீங்க. நான் முதல் கடுதாசியைப் பிரிக்கும்போதே மடிப்புல ஒரு துண்டு கையோட வந்துருச்சு, அப்பத்தான் புத்தி வந்துச்சு. யுத்தக் காலத்துக் காகிதம் ரொம்ப மட்டம், மரக்கூழ்ல செஞ்சது, அதுல இருக்கிற லிக்னின் வருஷம் ஆக ஆக ஆசிட் ஆகி தாளைத் தானே தின்னுரும், அப்பளம் மாதிரி ஆயிடும். அதோட நம்ம ஊரு ஈரப்பதம் வேற. சிங்கப்பூர்ல காத்துல ஈரம் சர்வ சாதாரணமா 80 சதவீதத்துக்கு மேல போகும், பூஞ்சைக்கும் ராமபாணத்துக்கும் மாமியார் வீட்டு விருந்து.

அதனால முதல்ல பூச்சிக்கு வழி பண்ணினேன். மொத்தத்தையும் ரெண்டு ஜிப் பைக்குள்ள போட்டு காத்தை நல்லா அழுத்தி வெளியேத்தி ஃப்ரீசர்ல பத்து நாள் வெச்சேன். செத்த பூச்சி தானே கிடக்கு எதுக்குன்னு கேக்காதீங்க, முட்டை இருக்கும். வீட்டுக்காரம்மா ஒரு பக்கம் வஞ்சிரம், ஒரு பக்கம் உங்க தாத்தாவான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. முக்கியமானது வெளிய எடுத்த பிறகு தான், பையைத் திறக்காம ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டுரணும், இல்லன்னா கோல்ட் கோப்பி கிளாஸ்ல வேர்க்குற மாதிரி தாள் மேல தண்ணி கோத்துக்கும்.

அடுத்து தூசி தட்டுறது. மேக்கப் பிரஷ் ஒண்ணு ரெண்டு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கினேன், ரொம்ப மெத்துனு இருக்கணும். தாளோட நடுவுல இருந்து ஓரத்துக்கு, மெதுவா, ஒரே திசையில. கொரோனாவுல மிச்சமான மாஸ்க்கைப் போட்டுக்கிட்டு காரிடார்ல பழைய நியூஸ் பேப்பர் விரிச்சு செஞ்சேன், பூஞ்சைப் பொடி மூக்குக்குள்ள போச்சுன்னா அப்புறம் டாக்டர் கிட்ட ஓடணும். பென்சில்ல எழுதின இடத்துல பிரஷ்ஷே வேணாம், எழுத்தும் தூசியோட போயிடும்.

இந்த இடத்துல தான் ஒரு பெரிய தப்பு பண்ண இருந்தேன். பதினாலாம் நம்பர் கவரைத் தட்டும்போது உள்ள இருந்து சுருண்டுபோன நார் மாதிரி ஏதோ விழுந்துச்சு, பழுப்பா, தேங்காய் நார் மாதிரி. கட்டுன கயிறோட பிசிறுன்னு நெனச்சு நியூஸ் பேப்பரோட சேத்து சுருட்டிட்டேன், குப்பைத் தொட்டி வரைக்கும் கொண்டுபோயாச்சு. பக்கத்துல உக்காந்திருந்த என் மக, பிரைமரி ஃபைவ் படிக்கிறா, "அப்பா அதுல முடிச்சு போட்டிருக்கு"ன்னா. பிரிச்சுப் பாத்தா நூல். காக்கி கலர் நூல், நல்ல நீளம், அதுல முடிச்சு. என்னன்னு புரியல, ஆனா முடிச்சு யாராவது போட்டாத்தானே வரும். ஒரு கவர்ல போட்டு 14ன்னு எழுதி வெச்சேன். எதையும் தூக்கிப் போடாதீங்கன்னு எல்லாரும் சொல்றது இதுக்குத்தான், எது எந்தக் கடுதாசிக்குள்ள இருந்துச்சுன்னு நம்பர் போடுறது அதை விட முக்கியம்.

குண்டூசி பத்தி சுருக்கமா. அந்தக் காலத்துல தாளைச் சேத்துக் குத்த குண்டூசி தான், எட்டு கடுதாசியில இருந்துச்சு, எல்லாம் துரு. நேரா இழுத்தா துரு தாளையும் பேத்துக்கிட்டு வரும். ஊசிக்கும் தாளுக்கும் நடுவுல மேலயும் கீழயும் மெல்லிசு பிளாஸ்டிக் ஷீட்டைச் சொருகி, ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமா உருட்டி உருட்டி எடுத்தேன். ஒண்ணு உள்ளயே உடைஞ்சு போச்சு. மத்தது நல்லபடியா வந்துச்சு.

இப்ப நான் கெடுத்த கதை. மடிச்சே 80 வருஷம் கிடந்த தாள், அப்படியே விரிச்சா மடிப்புல உடையும், அதுக்குக் கொஞ்சம் ஈரம் காட்டணும். பெரிய பிளாஸ்டிக் டப்பா, அடியில நனைச்சுப் பிழிஞ்ச ஸ்பாஞ்ச், அதுக்கு மேல தட்டு வெக்கிற பிளாஸ்டிக் ரேக், ரேக் மேல கடுதாசி, தண்ணி நேரா படக்கூடாது, டப்பாவை மூடி மூணு நாலு மணி நேரம். தாள் மெத்துனு ஆகி தானே விரிஞ்சு குடுக்கும், பாக்கவே அதிசயமா இருக்கும். அப்புறம் ரெண்டு பிளாட்டிங் பேப்பருக்கு நடுவுல வெச்சு மேல கனமா புஸ்தகம் அடுக்கி ரெண்டு நாள் விட்டா இஸ்திரி போட்ட மாதிரி ஆயிடும். செய்யறதுக்கு முன்னாடி மை கரையுதான்னு ஒவ்வொரு கடுதாசியிலயும் ஒரு ஓரத்துல பாக்கணும். நான் மை எழுத்து இருக்கிறதை எல்லாம் ஒழுங்கா டெஸ்ட் பண்ணினேன். பென்சில் எழுத்தைப் பண்ணல, பென்சில் எங்க கரையப் போகுதுன்னு ஒரு தெனாவெட்டு.

பதினாலாம் நம்பர் பென்சில். டப்பாவுல வெச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு எட்டிப் பாத்தா சாம்பல் கலர் எழுத்தெல்லாம் ஊதாவா மாறியிருக்கு! பளீர்னு, நாவல்பழம் தின்ன நாக்கு மாதிரி. வயித்தைக் கலக்கிருச்சு. அவசரமா வெளிய எடுத்து ஃபேனுக்கு அடியில வெச்சேன், அதுக்குள்ள பாதித் தாள் எழுத்தைச் சுத்தி ஊதா பரவிப்போச்சு. அப்புறம் தேடிப் படிச்சா அது சாதா பென்சில் இல்ல, காப்பியிங் பென்சில். கிராஃபைட்டோட ஊதாச் சாயத்தைக் கலந்து செய்வாங்க, காஞ்சிருக்கும்போது சாதா பென்சில் மாதிரியே தான் தெரியும், ஈரம் பட்டா சாயம் வெளிய வரும், அப்புறம் ரப்பர் போட்டாலும் அழியாது. பேனா மைபுட்டி தூக்கிட்டு அலைய முடியாத பட்டாளத்துக்காரங்களுக்கு அதுதான் வசதி.

இதுல ஒரு அழகு இருக்கு, கெடுத்தவனே சொல்லக்கூடாது தான். பென்சில் நுனியை நாக்குல தொட்டு எழுதினா எழுத்து அழுத்தமா விழும். தாத்தா அப்படித்தான் எழுதியிருக்காரு, நான் ஈரம் காட்டாத மத்த ஊதாப் பென்சில் கடுதாசிகளை லென்ஸ் வெச்சுப் பாத்தா தெரியுது, ரெண்டு மூணு வார்த்தைக்கு ஒருதரம் எழுத்து கெட்டி ஊதாவுல ஆரம்பிச்சு போகப் போக சாம்பலா தேயுது, மறுபடி கெட்டி ஊதா. ஒவ்வொரு கெட்டி எழுத்தும் தாத்தா நாக்குல தொட்ட இடம். எனக்கு விவரம் தெரியுறதுக்கு முன்னாடியே போய்ச்சேர்ந்த மனுஷன், அவரு எச்சில் பட்ட இடம் என் மேஜை மேல இருக்கு.

செலோடேப் தனி ரோதனை. யாரோ, அப்பாவாத்தான் இருக்கணும், எண்பதுகள்ல மடிப்பு கிழிஞ்ச அஞ்சு கடுதாசிக்கு டேப் ஒட்டியிருக்காரு. பாசத்துல செஞ்சது தான், ஆனா டேப்போட பசை தாளுக்குள்ள ஊறி பழுப்பேறிப் போச்சு. ஹேர் டிரையர் லேசான சூட்டுல காட்டி மேல இருக்கிற பிளாஸ்டிக்கை மட்டும் ரெண்டுல உரிச்சேன், பசைக் கறை அப்படியே நிக்குது. மீதி மூணைத் தொடல. அதுக்கு கெமிக்கல் வேணும், அது தெரிஞ்சவங்க செய்யற வேலை, நமக்குத் தெரியாததுல கை வெக்கக்கூடாதுன்னு ஊதா பென்சில் சொல்லிக்குடுத்துருச்சு.

கிழிசலை ஒட்ட ஜப்பானிய கோசோ தாள், சும்மா சிலந்தி வலை மாதிரி மெல்லிசா இருக்கும், பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ்ல வாங்கினேன். கத்தரிக்கோல்ல வெட்டாம, தண்ணியில கோடு போட்டு அதுமேல கிழிக்கணும், அப்பத்தான் ஓரத்துல நார் நாரா நின்னு நல்லா பிடிக்கும். பசைக்கு கோதுமை ஸ்டார்ச். கோதுமை மாவு இல்ல, மைதாவும் இல்ல, அதுல பூச்சி வரும். ஸ்டார்ச்சுக்கு எங்க போறதுன்னு முழிச்சேன், கடைசியில பாத்தா சீனங்க ஹார் காவ்ங்கிற இறால் கொழுக்கட்டை செய்யற கண்ணாடி மாதிரி இருக்கிற தோலுக்குப் போடுற மாவு அதே தானாம், பேக்கிங் சாமான் கடையில ஒரு பாக்கெட் ரெண்டு மூணு வெள்ளி. ஒரு பங்கு மாவுக்கு அஞ்சு பங்கு தண்ணி, அடி பிடிக்காம அரை மணி நேரம் கிண்டணும், கூழு மாதிரி ஆனதும் ஆறவெச்சு சல்லடையில ரெண்டு தடவை தேய்ச்சு எடுத்தா பசை ரெடி. தண்ணியில கரையக்கூடிய பசைங்கிறதால நாளைக்கு யாராவது நம்ம வேலை சரியில்லன்னு நெனச்சா கழட்டிறலாம். ஊதாப் பென்சில் கடுதாசிக்கு மட்டும் இந்தப் பசையும் கூடாது, ஈரம் ஈரம் தானே.

இதுக்கு நடுவுல அத்தை போன் மேல போன். அத்தைக்கு 84 வயசு, தாத்தா பட்டாளத்துல சேர்ந்த வருஷம் பொறந்தவங்க, ஈசூன்ல இருக்காங்க. "எதுக்குடா தம்பி இவ்வளவு கஷ்டம், தேக்காவுல குடுத்து லேமினேட் பண்ணிட்டா ஆயுசுக்கும் கெடாதே"ன்னாங்க. லேமினேட் பண்றது கடுதாசியை உயிரோட பொதைக்கிறது மாதிரி அத்தை, சூட்டுல பிளாஸ்டிக் உருகி தாளோட சேர்ந்துரும், திரும்ப எடுக்கவே முடியாதுன்னு சொன்னேன். சமாதானம் ஆகல, உங்க அப்பன் மாதிரியே பிடிவாதம்னு வெச்சுட்டாங்க.

ஸ்கேன் பண்றது சுலபம். ஃபிளாட்பெட் ஸ்கேனர், 600 டிபிஐ, கலர்ல, டிஃப் ஃபைலா சேவ் பண்ணிக்கணும். தாள் மெல்லிசு, பின்பக்க எழுத்து முன்னாடி தெரியும், அதுக்குத் தாளுக்குப் பின்னாடி ஒரு கறுப்பு அட்டையை வெச்சா அது அடங்கிரும். தானா வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற செட்டிங் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிருங்க.

கலர்ல ஸ்கேன் பண்ணச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. கடுதாசிங்க மேல, பட்டாளத்துல படிச்சுப் பாத்து அனுப்புற சென்சார் ஆபீசரோட முத்திரை, சிவப்பு மையில, சில இடத்துல எழுத்து மேலயே குத்தியிருக்கு, ஒண்ணும் படிக்க முடியல. படத்தை கம்ப்யூட்டர்ல திறந்து சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு சேனலா பிரிச்சு சிவப்பு சேனலை மட்டும் பாத்தா முத்திரை காணாமப் போயிடும், பழுப்புக் கறையும் பாதி போயிடும், நீல மை எழுத்து மட்டும் கறுப்பா நிக்கும். பதினாலாம் நம்பருக்கும் இதுவே கைகுடுத்துச்சு. ஊதாச் சாயம் பச்சை சேனல்ல தான் ரொம்ப அடர்த்தி, அதுல பாத்தா பரவின கறையும் எழுத்தும் ஒண்ணா ஒரே கறுப்பு. சிவப்புல பாத்தா லேசா பரவினது வெளுத்துப் போய் எழுத்து மட்டும் மங்கலா எழுந்து நிக்குது. முழுசா இல்ல, ஆனா படிக்கலாம்.

படிக்கிறது தான் நெஜமான வேலை. தாத்தா புள்ளியே வெக்கல. பணம் வந்ததுன்னு எழுத "பணம வநதது" தான். குறில் நெடில் கொம்பும் ஒண்ணே தான், எ எது ஏ எதுன்னு இடம் பாத்துப் புரிஞ்சுக்கணும். "தொடடை மீடடாசசா"ன்னு ஒரு வரி ரெண்டு நாள் என்னை அலைய வெச்சது, தொட்டையா, தொட்டியான்னு, அப்புறம் தான் மின்னுச்சு, தோட்டை மீட்டாச்சா. அடகு வெச்ச அப்பாயி தோடு! ணா, றா, னா, லை, னை எல்லாம் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னாடி இருந்த உருவம், யானைத் துதிக்கை மாதிரி சுழிச்சுக்கிட்டு. பழைய புஸ்தகம் படிச்சுப் பழக்கம் இருந்ததால தப்பிச்சேன், என் மகளுக்கு அது வேற பாஷை.

தேதி இப்படி இருக்கும்: தாரண ௵ ஆவணி ௴ ௰௨ ௳. வருஷம், மாசம், நாளுக்குத் தனித்தனி குறி, ௰௨ன்னா பன்னெண்டு. எழுதுற இடத்தோட பேரை எழுதக்கூடாதுன்னு பட்டாளத்துல உத்தரவு, கவர் மேல ஃபீல்டு போஸ்ட் ஆபீஸ் நம்பர் மட்டும் தான் இருக்கும், தபால்தலை சேக்குறவங்க அந்த நம்பரை வெச்சே எந்த மாசம் எந்த ஊர்னு கண்டுபிடிச்சிருவாங்க. எனக்கு நம்பர் பாதி அழிஞ்சு போச்சு, தமிழ் வருஷம் தான் கைகுடுத்தது. சித்திரபானு 1942 சித்திரையில ஆரம்பம், அடுத்து சுபானு, அப்புறம் தாரண, பார்த்திப. அப்படின்னா தாரண ஆவணி பன்னெண்டு 1944 ஆகஸ்ட் கடைசி. 22 கடுதாசியையும் வரிசையில அடுக்க இது போதும்.

எல்லாக் கடுதாசியும் ஒரே அச்சு. மேல பிள்ளையார் சுழி, முருகன் துணை, "பாப்பா அம்மாவுக்கு எழுதுவது", இங்கு நான் சௌக்கியம், அங்கு அனைவர் சௌக்கியத்துக்கும் பதில். அடுத்த வரி, கவனிங்க, "இதைப் படிக்கும் வாத்தியார் அவர்களுக்கு நமஸ்காரம்". பொண்டாட்டிக்கு எழுதின கடுதாசியில மூணாவது ஆளுக்கு நமஸ்காரம்! அப்பாயிக்குப் படிக்கத் தெரியாதே, ஸ்கூல் வாத்தியார் திண்ணையில உக்காந்து சத்தமா படிப்பாராம், மாமனார் மாமியார் பக்கத்து வீடு எதிர் வீடு எல்லாம் சுத்தி நிக்கும். இந்தப் பக்கம் சென்சார் ஆபீசர், அந்தப் பக்கம் மொத்தத் தெரு. இதுக்கு நடுவுல மனுஷன் என்னத்தை எழுதுவான். கூரை மாத்தியாச்சா, மணியார்டர் வந்துச்சா, மாடு கன்னு போட்டுச்சா, பாப்பா பேசுறாளா. 22 கடுதாசியிலயும் ஆசையா ஒரு வார்த்தை கிடையாது. ஆரம்பத்துல எனக்கு ஏமாத்தமா இருந்துச்சு, ஒத்துக்கிறேன்.

ஆனா ஊர்ப் பேரை ஒளிச்சுச் சொல்றதுல தாத்தா கெட்டிக்காரர். ஒரு கடுதாசியில "பீமன் பெண் கட்டின ஊருக்கும் அர்ச்சுனன் பெண் கட்டின ஊருக்கும் நடுவில் என் பிழைப்பு ஓடுகிறது"ன்னு இருக்கு. அர்ச்சுனன்னா அல்லி, மதுரைன்னு நெனச்சேன், நம்ம பக்கத்து பாரதத்துல சித்திராங்கதையும் பாண்டியன் மக தான். யுத்தத்துல மதுரைக்கு எதுக்கு லாரி ஓட்டினாருன்னு ஒரு வாரம் குழம்பினேன். அப்புறம் தான் தெரிஞ்சது, வடக்க சித்திராங்கதை ஊருன்னு சொல்லுறது மணிப்பூரை. பீமன் கட்டின இடும்பி ஊருன்னு சொல்லுறது திமாப்பூரை. திமாப்பூர்ல ரயில்ல வந்து இறங்குற சரக்கை லாரியில ஏத்தி கோஹிமா மலை வழியா இம்பால் கொண்டுபோறது, சுமார் 200 கிலோமீட்டர் மலை ரோடு, 1944ல சண்டை நடந்ததே அந்த ரோட்டுக்காகத்தான். ஆபீசர் கூத்து பாத்திருக்க மாட்டாரு, விட்டுட்டாரு. முதல் உலக யுத்தத்துல ஃபிரான்ஸ் போன நம்ம சிப்பாய்ங்க வெள்ளைக்கார சிப்பாயைச் சிவப்பு மிளகுன்னும் இந்தியச் சிப்பாயைக் கறுப்பு மிளகுன்னும் எழுதி ஏமாத்தப் பாத்தாங்க, சென்சார் கண்டுபிடிச்சுட்டான். அந்தக் கடுதாசிங்க நெறைய இப்ப லண்டன்ல சென்சார்காரன் இங்கிலீஷ்ல பெயர்த்த பிரதியா தான் இருக்கு, கையெழுத்து இல்ல. நம்ம டின்னோட மதிப்பு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சது.

1944 மார்ச் கடைசியில ஜப்பான்காரன் கோஹிமா ரோட்டை அறுத்துட்டான், இம்பால்ல இருந்தவங்க உள்ள மாட்டிக்கிட்டாங்க, சோறு தண்ணி பெட்ரோல் எல்லாம் பிளேன்ல வந்து இறங்கணும், ரேஷனைக் குறைச்சாங்க. ஜூன் 22ம் தேதி தான் ரோடு மறுபடி திறந்துச்சு. தாத்தா உள்ள மாட்டினவர்ல ஒருத்தர். அந்த மூணு மாசத்துக்கு டின்ல கடுதாசியே இல்ல. அப்புறம் ரெண்டு, ரொம்பச் சுருக்கமா. அதுக்கு அடுத்தது தான் பதினாலு, மேல சொன்ன தாரண ஆவணி பன்னெண்டு, நான் ஊதாவாக்கினது.

அதுல சௌக்கியம், வாத்தியார் நமஸ்காரம், மணியார்டர் எல்லாம் முடிஞ்சு கீழ கறை மோசமா இருக்கிற இடத்துல, சிவப்பு சேனல்ல மூணு ராத்திரி உக்காந்து எடுத்தது இவ்வளவு. புள்ளி நான் வெச்சது.

"லீவில் வந்த பையன் நான் இளைத்துக் கறுத்துப் போனதாகச் சொன்னான் என்று எழுதியிருந்தாய். அவன் சொன்னது பொய். இத்துடன் நூல் வைத்திருக்கிறேன். என் அரணாக்கயிறு அளவு. முடிச்சு மட்டும் என் இடுப்பு. நீயே அளந்து பார்த்துக்கொள்."

எனக்குக் கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடல. குப்பைக்குப் போக இருந்த நூல்! வாத்தியார் படிச்சுக் காட்ட வேணாம், தெருவுக்குப் புரிய வேணாம், அப்பாயியே தனியா கையில எடுத்துப் பாத்துக்கிற ஒரே சேதி. இன்னொரு வேடிக்கை, பிரிட்டிஷ் பட்டாளத்துல சிப்பாய் தையல் பிரிஞ்சா தைச்சுக்க ஊசி நூல் போட்டு வெச்சிருக்கிற சின்னப் பைக்குப் பேரே ஹவுஸ்வைஃப். அந்தப் பையில இருந்து தான் இந்த நூலும் வந்திருக்கும்னு நெனைக்கிறேன். சென்சார் ஆபீசர் இதைக் கையில எடுத்துப் பாத்திருப்பாரு, ரகசியக் கோடுன்னு சந்தேகப்பட்டிருந்தா தூக்கிப் போட்டிருப்பாரு. போடல.

அளக்கலாம்னு முடிவு பண்ணேன். இழுக்கக்கூடாது, பழைய பருத்தி நூல், அறுந்துரும். கறுப்பு அட்டை மேல ஸ்டீல் ரூலர் வெச்சு, மரக்குச்சியால மெல்ல மெல்ல நேராக்கி, படம் எடுத்து அளந்தேன். ஒரு நுனியில இருந்து முடிச்சு வரைக்கும் 31¼ இஞ்ச். நூல் காலப்போக்குல கொஞ்சம் சுருங்கியும் இருக்கலாம். நல்ல உடம்பு தான் மனுஷனுக்குன்னு நெனச்சேன்.

ஆனா நூல்ல ரெண்டு முடிச்சு இருக்கு. கடுதாசியில ஒரு முடிச்சு தான் சொல்லியிருக்காரு. ரெண்டாவது முடிச்சு அதுக்கு உள்ள, 28¼ இஞ்ச்ல. கட்டின விதமும் வேற, முதல் முடிச்சு சும்மா ஒத்தை முடிச்சு, இது ரெண்டு தரம் சுத்தி இறுக்கினது, பூ கட்டுறவங்க போடுற மாதிரி. லென்ஸ் வெச்சு ரொம்ப நேரம் பாத்தேன். முதல்ல தப்பா ஒரு முடிச்சு போட்டு அப்புறம் திருத்தினாரோன்னு தோணுச்சு. பென்சில் எழுத்துல அங்க ஏதாவது விட்டுட்டேனோன்னு மறுபடி மூணு சேனலையும் அலசினேன். ஒண்ணும் இல்ல.

அடுத்த ஞாயித்துக்கிழமை லேப்டாப், படம், நூல் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு ஈசூன் போனேன். அத்தைக்குக் கடுதாசியை வரி வரியா படிச்சுக் காட்டினேன். வாத்தியார் நமஸ்காரம் வந்ததும் சிரிச்சாங்க, அந்த வாத்தியார் மூக்குப்பொடி போட்டுக்கிட்டு நடுவுல நிறுத்தி நிறுத்திப் படிப்பாருன்னு அவங்கம்மா சொல்லுவாங்களாம். 1945 கடைசியில வந்த கடுதாசியில முதல் தடவையா ஊர்ப் பேரை மறைக்காம சிங்கப்பூர்னு எழுதியிருந்தாரு. அஞ்சாவது இந்திய டிவிஷன் செப்டம்பர் 5ல இங்க வந்து இறங்கினதுக்குப் பின்னாடி இவங்க கம்பெனியும் வந்திருக்கு. தெருவெல்லாம் வாழைமர நோட்டு குப்பையா கிடக்கு, பாப்பா விளையாட ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன்னு இருந்துச்சு. "அதை வெச்சு நான் கடை விளையாட்டு விளையாடியிருக்கேன்"னாங்க. பிறகு ஊருக்குப் போய் திரும்ப இங்கயே ஹார்பர் வேலைக்கு வந்து, அம்பதுகள்ல அப்பாயியையும் பிள்ளைங்களையும் ரஜூலா கப்பல்ல கூட்டிக்கிட்டு வந்தது எல்லாம் எனக்குத் தெரிஞ்ச கதை தான். இந்த டின் அப்பாயி மடியில இருந்தே வந்துச்சாம், டிரங்குப் பெட்டியில போட விடலையாம்.

கடைசியில நூலை எடுத்துக் காட்டினேன். அளவு சொன்னேன். 31¼ன்னதும் அத்தை, "எங்கப்பாவுக்கா? அவரு ஆயுசுக்கும் அந்த சைஸுக்கு இருந்ததில்லடா"ன்னாங்க.

அப்ப ரெண்டாவது முடிச்சுன்னு கேட்டேன்.

"அதுவா, அது அம்மா போட்டது. அப்பா பட்டாளத்துல இருந்து வந்து இறங்குன அன்னைக்கு, குளிக்கக்கூட விடல, கொல்லைப்புறத்துக்குக் கூட்டிட்டுப் போயி இந்த நூலை இடுப்பைச் சுத்தி வெச்சுப் பாத்துச்சாம். நாலு விரக்கடை தொங்குச்சாம். அந்த இடத்துல ஒரு முடிச்சைப் போட்டு, அது பட்டாளத்துக் கணக்கு, இது வீட்டுக் கணக்குன்னு சொல்லுச்சாம். அம்மா சாகுற வரைக்கும் அப்பா ஏதாவது பொய் சொன்னா நூலைக் கொண்டாரவான்னு தான் கேக்கும், நாங்க என்னா நூலுன்னு கேட்டா சிரிச்சுக்கும், நான் கல்யாணம் ஆகிப் போறப்ப தான் சொல்லுச்சு."

நூலைக் கையில வாங்கி ரொம்ப நேரம் வெச்சிருந்தாங்க. குடுக்கும்போது, "இதை மட்டும் லேமினேட் பண்ணிராதடா தம்பி, முடிச்சு நசுங்கிரும்"னாங்க.

இப்ப 22ம் ஆசிட் இல்லாத தாள்ல மடிக்காம, மைலார்ங்கிற பிளாஸ்டிக் உறையில ஒவ்வொண்ணா, 50 சதவீத ஈரத்துக்கு செட் பண்ணின டிரை கேபினட்ல இருக்கு, கேபினட்டை வெச்சிருக்கிறது புது வீட்டு பாம் ஷெல்டர்ல, குண்டு பாதுகாப்புக்குன்னு வீட்டுக்குள்ளயே கட்டின ரூம்ல. டேப் ஒட்டின மூணு கடுதாசி இன்னும் பாக்கி, பேப்பர் கன்சர்வேட்டர் ஒருத்தர் பாக்குறேன்னு சொல்லியிருக்காரு. நூலை பிளாஸ்டிக்ல போடல, மெல்லிசு தாள்ல சின்ன உறை மடிச்சு அதுக்குள்ள சுருட்டி வெச்சு, பதினாலாம் நம்பரோட சேத்து வெச்சிருக்கேன். முடிச்சு ரெண்டையும் அவுக்கல.